கழுத்தில் நெறி கட்டினால்: விரல் தேடும் இடமும் கண் தேடும் இடமும்

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று ஒருவர் வந்து உட்கார்ந்ததும், வார்டுக்குப் புதிதாக வந்த மாணவர்கள் அந்தக் கட்டியையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருப்பார்கள். எத்தனை நாளாக இருக்கிறது, வலிக்கிறதா என்று கேள்விகளும் அதையே சுற்றி வரும். கேட்க வேண்டியவைதான். ஆனால் பெரும்பாலான நெறிகளில் நோய் தொடங்கிய இடம் வேறு; அது வந்து சேர்ந்த இடம்தான் நெறி. நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சு. அந்த முடிச்சுக்கு நிணநீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் பல்லைப் பார்ப்பதா, தொண்டையைப் பார்ப்பதா, தலைமுடியை விலக்கிப் பார்ப்பதா, வயிற்றைப் பார்ப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் படிப்பில் முதன்முறையாக ஒருவர் கழுத்தில் கை வைக்கப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. மற்றவர்களும் படிக்கலாம். தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துப் பயந்துபோகிறவர்களுக்கு நடுவில் சில வரிகள் உதவும்.

நிணநீர் போகும் வழி

உடலில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 அளவில், தலையிலும் கழுத்திலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு வளையம், இரண்டு நெடுவரிசைகள். இவற்றை மனதில் வைத்தால் போதும்.

தலையும் கழுத்தும் சேரும் இடத்தைச் சுற்றி இருப்பது வளையம்: முகவாய்க்கு அடியில், கீழ்த்தாடைக்கு அடியில், காதுக்கு முன்னால், காதுக்குப் பின்னால், பிடரியில். நெடுவரிசைகள் கழுத்தின் இருபுறமும் உட்கழுத்துச் சிரையை ஒட்டி மேலிருந்து கீழே இறங்குகின்றன. கழுத்தில் சாய்வாக ஓடும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசைக்கு அடியில் இந்த வரிசை மறைந்திருக்கும். வளையத்து முடிச்சுகளின் நிணநீர் இந்த வரிசைக்கு வரும். டான்சில், நாக்கின் பின்பகுதி போன்றவற்றின் நிணநீர் வளையத்தைத் தொடாமல் நேராகவே இங்கு வந்துவிடும். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்து கீழ் ஏரிக்குத் தண்ணீர் போவதைப் போல ஒரு முடிச்சிலிருந்து அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரைகள் கூடும் இடத்தில் இரத்தத்தில் கலக்கும். இடப்பக்கம் இந்தக் கலப்பு பெரும்பாலும் மார்பு நிணக்குழாய் வழியாக நடக்கிறது. அந்தக் குழாய் வயிறு, கால்கள், இடது மார்பு ஆகியவற்றின் நிணநீரையும் சுமந்து வருகிறது. இது பின்னால் தேவைப்படும்.

தொண்டையின் பின்சுவருக்குப் பின்னாலும் முடிச்சுகள் உண்டு. அவற்றை விரலால் தொட முடியாது, ஸ்கேனில்தான் தெரியும். கழுத்தைத் தடவி ஒன்றும் இல்லை என்று எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த முடிச்சு, எந்த ஊர்

முகவாய்க்கடி முடிச்சுக்குக் கீழ் உதட்டின் நடுப்பகுதி, கீழ் முன்பற்கள், நாக்கு நுனி, வாய்த்தரையின் முன்பகுதி ஆகியவற்றிலிருந்து நிணநீர் வருகிறது. முகவாயில் பழுத்த ஒரு பரு போதும், இது வீங்க.

தாடைக்கடி முடிச்சுகளின் எல்லை பெரிது: மற்ற பற்கள் எல்லாம், ஈறு, கன்னம், மூக்கின் வெளிப்பகுதி, மேல் உதடு, நாக்கின் பக்கவாட்டு ஓரம். இங்கே நெறி கட்டினால் முதலில் கடைவாய்ப் பற்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். சொத்தை வெளியே தெரியாமல் வேரில் சீழ் கோத்திருந்தாலும், பல்லைத் தட்டும்போது ஆள் துள்ளுவார். வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர் என்றால் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் விளக்கொளியில் பார்க்காமல் அனுப்பவே கூடாது. நாக்கு நுனியை ஒரு துண்டு காஸ் துணியால் பிடித்து வெளியே இழுத்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பினால்தான் பின்ஓரம் தெரியும். "நாக்கை நீட்டுங்கள்" என்றால் தெரிவது முன்பாதி மட்டும்.

காதுக்கு முன்னால் உள்ள முடிச்சு கண்ணுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் சொந்தம். மெட்ராஸ் ஐ வந்தவரின் காதுக்கு முன்னால் விரல் வைத்தால் அடினோவைரஸ் தொற்றில் பட்டாணி அளவு வலியுள்ள முடிச்சு பல நேரம் கிடைக்கும். சாதாரண பாக்டீரியாத் தொற்றில் இது அபூர்வம். அதனால் ஆன்ட்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதுமுன் இங்கே ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது நல்லது.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி என்றால் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். பேன், சொறிந்த புண், தலைப்படை, சீழ்க்கொப்புளம் இதில் ஏதாவது ஒன்று இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடரி நெறி வந்தால் பேன் சீப்பே பாதி பரிசோதனை. தோலில் தடிப்பும் லேசான காய்ச்சலும் சேர்ந்திருந்தால், வயிற்றில் உள்ள கருவைப் பாதிக்கும் ரூபெல்லாவை நினைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

தாடையின் கோணத்துக்குச் சற்றுக் கீழே, தசையின் முன்ஓரத்தில் டான்சில் முடிச்சு. குழந்தைகளின் கழுத்தில் மிக அடிக்கடி கைக்குத் தட்டுப்படுவது இதுதான். நலமாக உள்ளவர்களிடமும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம். பெற்றோர் கவலையோடு கூட்டிவரும் "நெறி"களில் பெரும்பங்கு இந்த வகை. ஆனால் 40 வயதைக் கடந்தவருக்கு இதே இடத்தில் வலியில்லாத, நீர்க்கட்டி போன்ற வீக்கம் புதிதாக வந்தால் பிறவிக் கட்டி என்று முத்திரை குத்திவிடக் கூடாது. டான்சில் அல்லது நாக்கின் அடிப்பகுதியில் உள்ள புற்றுநோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். நாக்கின் அடிப்பகுதி நடுக்கோட்டு உறுப்பு என்பதால் அதன் நிணநீர் இரண்டு பக்கமும் போகும். கட்டி வலப்பக்கம் என்பதால் இடப்பக்கக் கழுத்தை விட்டுவிடக் கூடாது.

நடுக்கழுத்து, கீழ்க்கழுத்து முடிச்சுகளுக்குக் குரல்வளை, தொண்டையின் கீழ்ப்பகுதி, தைராய்டு ஆகியவற்றிலிருந்து வருகிறது. குரல் நாண்களில் மட்டும் நிணநாளங்கள் மிகக் குறைவு. அதனால்தான் குரல் நாண் புற்றுநோய் தொடக்க நிலையில் கழுத்தில் நெறி காட்டுவதில்லை. குரல் கம்மியதே ஒரே அடையாளம். நாண்களுக்கு மேலே உள்ள பகுதி நேர் எதிர். அங்கே நிணநாளங்கள் நிறைய, நெறியும் சீக்கிரம் வரும், பல நேரம் இரண்டு பக்கமும்.

தசைக்குப் பின்னால், கழுத்தின் பின்முக்கோணத்தில் பெரியவர்களுக்குப் பொதுவாக எதுவும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் தலைத்தோல், காசநோய், மூக்குக்குப் பின்னால் உள்ள நாசித்தொண்டை ஆகிய மூன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு பெரியவர் "ஒரு காது மட்டும் சில மாதமாக அடைத்தே இருக்கிறது" என்று சொல்லி, கழுத்தின் பின்பக்கத்தில் நெறியும் இருந்தால் அன்றே நாசித்தொண்டையை எண்டாஸ்கோப்பால் பார்க்கக் காது மூக்கு தொண்டை பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளம் தனிக் கதை. இங்கே தட்டுப்படும் எந்த முடிச்சும், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சந்தேகத்துக்குரியது. இடப்பக்கம் என்றால் மார்பு நிணக்குழாய் நினைவுக்கு வர வேண்டும்: இரைப்பை, கணையம், சிறுநீரகம், விந்தகம், சூலகம் என எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே ஃபிர்ஹோ முடிச்சு என்கிறார்கள். வலப்பக்கம் என்றால் நுரையீரலும் உணவுக்குழாயும் முதலில். காசநோயும், நிணநீர் மண்டலப் புற்றான லிம்ஃபோமாவும் இரண்டு பக்கமும் வரும்.

எண்களில் எழுதுவது

அறுவை மருத்துவர்களும் கதிரியக்க மருத்துவர்களும் கழுத்தை நிலைகளாகப் பிரித்து எண்ணால் பேசுகிறார்கள். முகவாய்க்கடி 1ஏ, தாடைக்கடி 1பி. தசையை ஒட்டிய வரிசை மேலிருந்து கீழாக 2, 3, 4. பின்முக்கோணம் 5. முன்நடுவில் தைராய்டைச் சுற்றியது 6.

எல்லைகளை விரலாலேயே கண்டுபிடிக்கலாம். கழுத்தும் முகவாயும் மடங்கும் இடத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருபுறமும் வைத்து மெல்ல அசைத்தால் அசையும் எலும்பு ஹயாய்டு. அதன் கீழ்விளிம்புதான் 2க்கும் 3க்கும் எல்லை. குரல்வளை மேட்டிலிருந்து நடுக்கோட்டில் கீழே இறங்கினால் ஒரு சிறு பள்ளம், அதற்கடுத்து மோதிரம் போன்ற கடினமான வளையம். அது கிரிக்காய்டு. அதன் கீழ்விளிம்பு 3க்கும் 4க்கும் எல்லை. முதலில் உங்கள் கழுத்திலேயே தேடிப் பழகுங்கள்.

தொட்டுப் பார்க்கும் முறை

நோயாளியை நாற்காலியில் உட்கார வையுங்கள். காலர், துப்பட்டா, சங்கிலி, தாலிக்கொடி கழுத்தை மறைத்தால் விலக்கச் சொல்லுங்கள். காறை எலும்பு இரண்டும் தெரிய வேண்டும். பெண்கள் என்றால் உடன் ஒரு நர்ஸ் இருக்கட்டும். கையைக் கழுவி, குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கை சில்லென்று பட்டால் கழுத்துத் தசை இறுகிவிடும், பிறகு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது.

தொடுவதற்கு முன் எதிரே நின்று பாருங்கள். வீக்கம், பழைய தழும்பு, சீழ் வடியும் துளை, தோலின் நிறம். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள்: விழுங்கும்போது மேலே ஏறுவது தைராய்டு. நாக்கை நீட்டும்போது மேலே இழுக்கப்படுவது தைரோகுளோசல் நீர்க்கட்டி என்ற பிறவிக் கட்டி.

பிறகு பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். தலையைச் சற்று முன்னே குனியவைத்து, எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அந்தப் பக்கமாகவே லேசாகச் சாய்க்கவும். பலர் எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். அப்போது தசை விறைத்து முடிச்சு அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். நடு மூன்று விரல்களின் மெத்தையான பகுதியால், நுனியால் அல்ல, தோலோடு சேர்த்துச் சிறு வட்டமாக உருட்டவும். அழுத்தம் லேசாக இருக்கட்டும். பலமாக அமுக்கினால் சிறிய முடிச்சுகள் நழுவிப்போகும்.

வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்: முகவாய்க்கடி, தாடைக்கடி, தாடைக் கோணம், காதுக்கு முன், காதுக்குப் பின், பிடரி, அதன்பின் தசையின் முன்ஓரமாக மேலிருந்து கீழே, பின்முக்கோணம், காறை எலும்புக்கு மேல், கடைசியாக நடுக்கோடு. வளையத்தில் இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டு ஒப்பிடலாம். தசையின் முன்ஓரத்துக்கு வந்ததும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். அங்கே கரோட்டிட் தமனி இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழலாம், வயதானவர்களுக்கு அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

தசையின் முன்ஓரத்தில் விரலை மேலே ஓட்டினால் மட்டும் போதாது. கட்டை விரலை முன்ஓரத்திலும் மற்ற விரல்களைப் பின்ஓரத்திலும் கொக்கியாக வைத்து, தசையை லேசாகத் தூக்கி அதற்கடியில் தேட வேண்டும். காறை எலும்புப் பள்ளத்தில் தோள்களைத் தளர்த்தி, லேசாக முன்னே கொண்டுவந்து, இருமச் சொல்லுங்கள் அல்லது ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். எலும்புக்குப் பின்னால் இருப்பது அப்போது விரலுக்கு எட்டும்.

தாடைக்கடியில் ஏதாவது தட்டுப்பட்டால், கையுறை போட்ட ஒரு விரலை வாய்க்குள் வாய்த்தரையில் வைத்து, வெளியே மறுகையால் ஏந்திப் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவே புரண்டால் அது உமிழ்நீர்ச் சுரப்பி. வெளிக்கைக்கு மட்டும் தெரிந்தால் முடிச்சு.

முடிச்சு அல்லாதவை

தொடக்கத்தில் எல்லோரும் ஏமாறும் இடங்கள் சில உண்டு. காதுக்குப் பின்எலும்புக்கும் தாடைக் கோணத்துக்கும் நடுவே ஆழத்தில் கடினமாக, அசையாமல் இருப்பது முதல் கழுத்தெலும்பின் பக்கமுனை. எதிர்ப்பக்கமும் அதே இடத்தில் இருக்கும். ஹயாய்டின் கொம்பு முனையும் இப்படியே ஏமாற்றும். நடுவில் ஹயாய்டை அசைத்தால் அதுவும் சேர்ந்து அசையும். தாடைக் கோணத்துக்குக் கீழே துடிப்பது கரோட்டிட் தமனி பிரியும் இடம், மெலிந்த முதியவர்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியும். துடிக்கும் எதிலும் ஊசி போடக் கூடாது என்பதை எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சந்தேகம் வந்தால் உருட்டிப் பாருங்கள். முடிச்சு மேலும் கீழும் உருளும், பக்கவாட்டிலும் உருளும். தசையும் தமனியும் அப்படி இரண்டு திசையிலும் உருளாது.

கை சொல்வது

எழுதும்போது பக்கம், நிலை, எண்ணிக்கை, இரண்டு அளவு, தன்மை, வலி, அசைவு, தோல் எல்லாம் வர வேண்டும். "இடது 2ஆம் நிலை, ஒன்று, 2.5 × 2 செ.மீ., கடினம், வலியில்லை, அடியில் ஒட்டியிருக்கிறது, தோல் இயல்பு." இதைப் படிப்பவர் கழுத்தைப் பார்க்காமலே என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பார். "கழுத்தில் நெறி +" என்று எழுதினால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் அளவுகோல் பத்து ரூபாய்தான்.

மென்மையாக, தொட்டாலே வலித்து, மேல்தோல் சிவந்து சூடாக இருந்தால் புதிய தொற்று. ரப்பர் போல அமுங்கி மீள்வது, வலியில்லாமல் பல இடத்தில் இருப்பது லிம்ஃபோமாவை நினைவூட்ட வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, மண்ணீரல் மூன்றையும் பார்க்காமல் பரிசோதனை முடிந்ததாக எழுதக் கூடாது. கல் போலக் கடினமாகி அடியில் ஒட்டிக்கொண்டது பரவிய புற்றுநோயாக இருக்கலாம். பல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொத்தாகி, பெரிதாக வலியும் இல்லாமல் இருந்தால் நம் ஊரில் முதலில் காசநோய்தான். முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். கொத்து மெல்ல உருகிச் சீழாகும், ஆனால் சூடு இருக்காது. தோலுக்கடியில் வந்து உடைந்தால் மாதக்கணக்கில் ஆறாத துளையாகிவிடும். இந்த வர்ணனைகள் வழிகாட்டிகள் மட்டுமே. மென்மையான புற்றும் உண்டு, கல்லான காசநோயும் உண்டு.

எப்போது, என்ன செய்வது

காய்ச்சல், தொண்டைவலி, பல்வலியோடு வந்த நெறி காரணம் தீர்ந்தபின் சில வாரத்தில் சுருங்கும். முழுதாக மறையாமல் சிறு மணியாக நின்றுவிடுவதும் உண்டு. பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டியது, ஒட்டிக்கொண்டது, தோல் புண்ணானது எதையும் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. எடை குறைவு, இரவு வியர்வை, குரல் மாற்றம், விழுங்கும்போது ஒரு பக்கக் காதுவலி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அப்படியே.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒரு கோர்ஸ் ஆன்ட்டிபயாடிக், குறையவில்லை என்றால் இன்னொரு கோர்ஸ் என்று மாதங்களைக் கடத்துவது. தொற்றின் அடையாளமே இல்லாத கட்டிக்கு ஆன்ட்டிபயாடிக் எழுதக் காரணம் இல்லை. லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியைப் பாதியளவு அடக்கிவிடுவதால் கண்டுபிடிப்பு தள்ளிப்போகும். வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். லிம்ஃபோமா சில வாரம் சுருங்கி, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் பிடிபடாமல் போகலாம்.

வரிசை இதுதான்: முதலில் அந்த முடிச்சின் ஊரைப் பாருங்கள், பிறகு அல்ட்ராசவுண்ட், பிறகு மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. 23 கேஜ் ஊசியில் எடுத்ததில் சில ஸ்லைடுகளை உடனே ஆல்கஹாலில் போட்டு, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு, மீதியைக் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கட்டியைக் கத்தியால் திறந்து துண்டெடுப்பது முதல் வேலை அல்ல. வாயிலோ தொண்டையிலோ தொடங்கிய புற்று என்றால் அந்தத் தழும்பு பின்னால் வரும் பெரிய அறுவைசிகிச்சையைச் சிக்கலாக்கும். லிம்ஃபோமா சந்தேகம் என்றால் மட்டும் ஊசி போதாது, முழு முடிச்சும் வேண்டும். அப்படி எடுக்கும் முடிச்சு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி கல்ச்சர் செய்ய முடியாது. ஒரு துண்டை வெறும் சலைனில் தனியே வையுங்கள்.

காசநோய்ச் சீழ்க்கட்டியைக் கீறித் திறக்கக் கூடாது. வலி தாங்காமல் உறிஞ்சி எடுக்க வேண்டிவந்தால், கட்டிக்கு மேற்புறமாக நல்ல தோல் வழியே சாய்வாக ஊசி போகட்டும். தாழ்ந்த இடத்தில் குத்தினால் அந்தத் துளையே வடிந்துகொண்டிருக்கும்.

தடவி உருக்கலாம் என்று விளக்கெண்ணெய் தேய்ப்பது, ஒத்தடம், "நிணநீர் மசாஜ்" என்று முகத்தைக் கல்லால் வழிப்பது எதுவும் நெறியின் காரணத்தைத் தீர்க்காது. கழுத்து அறுவைசிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு முகவாய்க்கடியில் தங்கும் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் நிணவடிகால் முறை பயனுள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காசநோய் என்று உறுதியானால், மருந்துக்கு வசப்படும் வகைக்கு 6 மாதச் சிகிச்சை, அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. தொடங்கும்போதே நோயாளியிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மருந்து நன்றாக வேலை செய்யும்போதே நெறி பெரிதாகலாம், பக்கத்தில் புதிது ஒன்று முளைக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் இறந்த கிருமிகளோடு மோதுவதால் வருவது இது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் தேடிப் போய்விடுவார்கள். உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத கிருமியா என்று சந்தேகம் வந்தால் மீண்டும் ஊசி போட்டுக் கல்ச்சருக்கு அனுப்பலாம்; அந்த முடிவு வரும்வரை மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது.